மாப்பிள்ளை விசாரிக்கப் போன சனிக்கிழமை

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

காக்ஸ் டவுனில், சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என் அக்கா ஜூடித் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கணவர் ஓஸ்வால்ட் மாமா சபைக் கமிட்டியின் செயலாளர். நவம்பர் கடைசியில் அக்கா கருப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் ஈஸ்ட்டும் போட்டு, பீங்கான் ஜாடியில் கட்டி வைப்பாள். இருபத்தோரு நாள் தினமும் கிளறுவாள். கிறிஸ்துமஸுக்கு அதை வடிகட்டி, ஆயரிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் கொடுப்பாள். அது வைன். வைன் வேறு, குடி வேறு. கேக்குக்குப் பழம் ஊறவைக்க அக்டோபரில் ஒரு ஃபுல் பாட்டில் ரம் வரும். பழத்துக்குப் பாதி பாட்டில் போதும். மீதிப் பாதி ஓஸ்வால்ட் மாமாவின் அலமாரியில் ஆவியாகிவிடும். அதுவும் குடி இல்லை.

நான் கிளாரன்ஸ். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. மாடியில் ஒரு அறை, சாப்பாடு கீழே அக்கா வீட்டில். பொம்மசந்திராவில் ஸ்பிரிங் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். சாயங்காலம் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பிராந்திக் கடை இருக்கிறது. அங்கே கவுன்ட்டரில் நின்று ஒரு குவார்ட்டர். இருபத்தாறு வருஷமாக, ஞாயிறு நீங்கலாக. பெரிய வெள்ளிக்கும் லீவு. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் தெரியாது. நான் உள்ளே வந்ததும் அக்கா ஒரு அடி தள்ளி நின்று, "ஏக்தம் டயர்டா இருக்க, மேல போய்ப் படுடா" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினோம். முதல் நிபந்தனை: பையன் குடிக்கக் கூடாது.

பெண் சோனியா, அக்காவின் ஒரே மகள். வயது இருபத்தொன்பது, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நான் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்ட குழந்தை. மூன்று வரன் வந்து போய்விட்டது. நாலாவது ஆண்ட்ரூ. லிங்கராஜபுரம், நம்ம சபைதான் ஆனால் வேறு சர்ச், அப்பா இல்லை, அம்மா மட்டும். பயோடேட்டாவில் வேலை 'ஃபெர்மென்டேஷன் டெக்னாலஜிஸ்ட்' என்று போட்டிருந்தது; எதையோ நொதிக்கவைக்கிற வேலை என்று மட்டும் புரிந்தது. வேலை பார்க்கும் இடம் பொம்மசந்திரா. பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. ஓஸ்வால்ட் மாமா தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, பையன் இன்சுலின் தயாரிக்கிறான் என்று மூன்று ஞாயிறு சபை முழுக்கச் சொல்லிவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர்கள் நாலு பேர் வந்து கைகொடுத்தார்கள்.

சோனியாவும் ஆண்ட்ரூவும் இரண்டு முறை வெளியில் பார்த்துப் பேசினார்கள். இரண்டாவது முறை பேசிவிட்டு வந்தவள் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகச் சொன்னாள்.

"டாடி, அவரு பண்றது இன்சுலின் இல்ல. பியர்."

மாமாவின் கையில் இருந்த சப்பாத்தி அப்படியே நின்றது.

"பியரா?"

"கிராஃப்ட் பியர். அவரு ப்ரூவர், பியர் காய்ச்சுறவரு. பேல் ஏல்னு ஒரு வகை பண்ணியிருக்காரு, அதுக்கு ஊரெல்லாம் பேரு."

"ஊரெல்லாம் பேரா? கர்த்தாவே! கமிட்டில நான் என்னான்னு சொல்லுவேன்?" என்றார் மாமா. "பியர் பண்றவன் குடிக்காம இருப்பானா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க," என்றாள் அக்கா. "ஸ்வீட் ஸ்டால்காரங்க ஸ்வீட் சாப்பிடுறாங்களா?"

அரைமணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில், யாராவது அந்த இடத்துக்கே போய், சொல்லாமல் கொள்ளாமல் விசாரித்துவிட்டு வர வேண்டும் என்று முடிவானது. யார் போவது? மாமா தட்டைப் பார்த்தார். அக்கா ஃபேனைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ அந்தப் பக்கம்தானேடா வேலை செய்யிற," என்றாள் அக்கா.

"தாய்மாமன் போறதுதான் முறை," என்றார் மாமா.

உண்மையான காரணத்தை வாயைத் திறந்து சொல்ல ஒருத்தருக்கும் துப்பில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் சரி என்றேன். நான் மாடிக்கு ஏறும்போது சோனியா பின்னாலேயே வந்து படியில் நிறுத்தினாள்.

"மாமா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. நான் பேசும்போது போனைப் பாக்காம கேக்குறாரு. முன்ன வந்தவனுங்க மூணு பேரும் அவங்க கார் பத்தித்தான் பேசுனானுங்க. ப்ளீஸ், கெடுத்துடாதீங்க."

"நான் எதம்மா கெடுத்தேன்?"

"ஒருத்தனுக்கு மூக்கு சரியில்லன்னு சொன்னது யாரு?"

அது வாஸ்தவம். அந்த மூக்கு நிஜமாகவே சரியில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள். இரண்டு மணிக்கு சைரன் ஊதியதும் ஆட்டோ பிடித்துப் போனேன். இடத்தின் பெயர் ரஸ்ட்டி பக்கெட். துருப்பிடித்த பக்கெட் என்று நம்ம ஆள் எவனாவது கடைக்குப் பெயர் வைப்பானா? பழைய ஷெட் ஒன்றின் சுவரை இடித்து, ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தார்கள். எங்கள் ஸ்டோர்ஸில் ஸ்கிராப் என்று ஒதுக்கும் இரும்பையெல்லாம் இங்கே விளக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு சுற்றிக் காட்டி, ருசி பார்க்கவும் கொடுப்பார்களாம். என்னோடு ஆறு பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் தாடி. லேப்டாப் பையைச் சனிக்கிழமையிலும் கழற்றாத ஜாதி.

சுற்றிக் காட்ட வந்தவன் ஆண்ட்ரூவேதான். ஒல்லியான பையன், மூக்குக்கண்ணாடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எல்லோர் பெயரையும் கேட்டான்.

"அப்பாதுரை," என்றேன். "ஹோசூர்."

என்னை ஒரு கணம் பார்த்தான். "வாங்க அங்கிள்," என்றான்.

பெரிய பெரிய எவர்சில்வர் டாங்குகளைக் காட்டினான். பிறகு எல்லோர் உள்ளங்கையிலும் பச்சையாக ஒரு உருண்டை வைத்தான். ஹாப்ஸாம், ஒரு கொடியின் பூவாம், பியருக்குக் கசப்பும் வாசனையும் இதுதான் தருமாம். தேய்த்து முகரச் சொன்னான். தாடிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"லிச்சி," என்றது ஒரு தாடி.

"மழையில நனைஞ்ச பைன் மரக்காடு," என்றது இன்னொன்று. அந்த ஆள் பைன் மரத்தைக் கார் கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டையில்தான் பார்த்திருப்பான். சத்தியம் பண்ணுவேன்.

பிறகு சின்னச் சின்ன கிளாஸில் அந்தப் பேல் ஏலை ஊற்றிக் கொடுத்தான். தேன் நிறம், மேலே வெள்ளை நுரை. தாடிகள் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார்கள், சுழற்றினார்கள், மூக்கை விட்டார்கள். எனக்கு அந்தச் சடங்கெல்லாம் தெரியாது. கிளாஸ் கைக்கு வந்ததும் உடம்பு தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மூச்சை அடக்கினேன். ஒரே மடக்கு. புறங்கையால் வாயைத் துடைத்து, இடது கையை ஊறுகாய்க்கு நீட்டினேன். எல்லாம் நாலு விநாடி.

திரும்பிப் பார்த்தால் ஆறு தாடியும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது.

"எப்படி இருந்துச்சு அங்கிள்?" என்றான் ஆண்ட்ரூ.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஞாபகம் இல்லை. "தெரியல தம்பி. உள்ள போயிடுச்சு," என்றேன்.

ஒரு தாடி சிரித்தது. ஆண்ட்ரூ சிரிக்கவில்லை. இன்னொரு கிளாஸ் ஊற்றினான். "இப்ப இப்படித் திரும்பி நில்லுங்க அங்கிள். மூச்ச அடக்காதீங்க. வாய்ல கொஞ்ச நேரம் வச்சிக்கிங்க. யாரும் வரமாட்டாங்க."

ஹோசூர் ரோட்டில் போகிற அத்தனை பஸ்ஸும் என்னைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு குடித்தேன். முதலில் சாத்துக்குடித் தோலை உரிக்கும்போது தெறிக்குமே, அந்த வாசனை. பிறகு லேசான தித்திப்பு. விழுங்கின பிறகு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கசப்பு வந்தது. வந்தது போகவில்லை. அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அழுகை மாதிரி ஏதோ வந்தது, வெட்கமாகப் போய்விட்டது. இருபத்தாறு வருஷம் குடித்திருக்கிறேன், ஒரு நாள்கூட ருசி பார்த்ததில்லை. வாசனை தெரியாமல் இருக்கத்தான் மூச்சை அடக்குவது. யாராவது பார்ப்பதற்குள் முடிக்கத்தான் ஒரே மடக்கு. எதற்காகத்தான் குடித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் மனுஷன். தாடிகள் போன பிறகும் நான் உட்கார்ந்தேன். விசாரணை என்று ஒன்று இருக்கிறதே. பெரிய கிளாஸில் ஒன்று சொன்னேன், பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. ஆண்ட்ரூ ஒரு தட்டில் வேர்க்கடலையோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க குடிப்பீங்களா தம்பி?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

"குடிப்பேன் அங்கிள். காலைல பத்தரைக்கு நாலு டாங்க்லயும் ரெண்டு ரெண்டு மடக்கு. பியரைத் துப்பிட்டா கசப்பு சரியா தெரியாது, முழுங்கித்தான் ஆகணும். மொத்தம் அரை கிளாஸ் வரும்."

"வீட்டுல?"

"வீட்டுல இல்ல. ஆனா அம்மாகிட்ட தினமும் சொல்லிடுவேன், இன்னிக்கு இவ்ளோன்னு. அம்மா அப்படித்தான் பழக்கியிருக்காங்க. எங்க வீட்டுல எதையும் ஒளிக்கக் கூடாது."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. முப்பது வயசுப் பையன், அம்மாவிடம் மடக்குக் கணக்கு ஒப்பிக்கிறான்! நல்ல பையன், கொஞ்சம் அசடு என்று முடிவு கட்டினேன். மூன்றாவதை முடித்துவிட்டு, பழக்கத்தில் இரண்டு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டேன். வாசல்வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தான்.

வீட்டில் மூன்று பேரும் ஹாலில் காத்திருந்தார்கள். அக்கா வழக்கமான ஒரு அடி தள்ளி நின்றாள்.

"என்னடா? பையன் குடிப்பானா?"

அரை கிளாஸ் என்று சொன்னால் முடிந்தது கதை. ஓஸ்வால்ட் மாமா அதைச் சபை வாசலில் அரை பாட்டில் ஆக்கிவிடுவார். சோனியாவைப் பார்த்தேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தொடுறதே இல்லக்கா," என்றேன். "வாசனை பாக்குறதோட சரி. தங்கமான பையன்."

"ஸ்தோத்திரம்," என்றார் மாமா. என்னிடமிருந்து அடித்த வாசனையில் அவர் கண்ணைச் சிமிட்டியதை நான் பார்த்தேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. சோனியா என் தட்டில் இரண்டு மீன் துண்டு அதிகமாக வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பிரியாணிக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது. ஆண்ட்ரூவின் அம்மா கேரல். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள், நல்ல சேதியை எல்லோரும் கேட்கட்டும் என்று.

"ஜூடித் டீச்சர், மனசுல வச்சிக்காதீங்க," என்றது அந்தக் குரல். நிதானமான குரல். "சோனியாவ எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா இது வேணாம்."

"ஏங்க? எங்க பக்கம் என்ன தப்பு?"

"உங்க தம்பி நேத்து எங்க பையன் வேலை செய்யிற இடத்துக்கு வந்திருந்தாரு. வேற பேரு சொன்னாராம். நீங்க குடுத்த ஃபேமிலி போட்டோல பாத்திருக்கான், உடனே அடையாளம் தெரிஞ்சிருக்கு. வந்து விசாரிச்சது தப்பில்ல. பொண்ணு வீட்டுக்காரங்க விசாரிக்கணும். அவர் ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு குடிச்சாரு பாருங்க, அதச் சொன்னான். என் புருஷன் இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் குடிச்சாரு. சாகுறவரைக்கும் எங்க வீட்டுல யாரும் குடிக்கலன்னுதான் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன். திரும்ப அந்த மாதிரி வீட்டோட சம்பந்தம் பண்ண எனக்குத் தெம்பில்ல."

"எங்க வீட்டுல யாரும் குடிக்கிறதில்லங்க!" என்றாள் அக்கா.

"அதான் டீச்சர் நான் சொல்றது," என்று கேரல் போனை வைத்துவிட்டார்.

பிரியாணி ஆறிப்போனது. "எனக்கு அப்பவே தெரியும், பியர்காரன் சம்பந்தமெல்லாம் சரிப்படாது," என்றார் மாமா. "என்ன திமிர் அந்தம்மாவுக்கு," என்றாள் அக்கா. என்னை இரண்டு பேரும் திட்டவில்லை. திட்டுவதென்றால் ஏன் என்று சொல்லித் திட்ட வேண்டுமே! சோனியா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

நாலு மணிக்குச் சோனியா மேலே வந்தாள். அழுதிருந்தாள், முகம் கழுவியிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேராக உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க குடிப்பீங்களா?"

இந்த வீட்டில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் இருக்கிற பையன்களையெல்லாம் கேட்டோம்.

"குடிப்பேன்மா," என்றேன்.

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

"இத ஆண்ட்ரூ அம்மாகிட்ட போய்ச் சொல்லுவீங்களா?"

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒரு சைக்கிள், ஒரு கேமரா, அப்புறம் இது. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

லிங்கராஜபுரத்தில் சின்ன வீடு. கேரல் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க மிஸ்டர் அப்பாதுரை," என்றார். அடி விழுந்தால்கூட அப்படி வலித்திருக்காது. உட்காரவைத்துக் காபி கொடுத்தார். ஆண்ட்ரூ உள்ளறையில் இருந்தான், வெளியில் வரவில்லை.

"என் பேரு கிளாரன்ஸ்ங்க. நான் குடிக்கிறவன். பொண்ணு மேல தப்பு எதுவும் இல்ல," என்றேன்.

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

"எவ்வளவு?"

"ஒரு குவார்ட்டர்."

"எங்க?"

அத்தனையும் கேட்டார். பிராண்டு முதற்கொண்டு கேட்டார். நான் அந்தப் பையனிடம் கேட்டதைவிட நூறு மடங்கு நல்ல விசாரணை அது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல வேர்த்தது.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க சொல்லி தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என் பையன் பியர் பண்றான்னு எங்க சர்ச்சுல பாதிப் பேரு எங்கிட்ட பேசுறதில்ல. மீதிப் பாதிப் பேரு தனியா வந்து, ஃப்ரீயா கிடைக்குமான்னு கேக்குறாங்க," என்றார் கேரல். "குடிக்கிறத விடுங்கன்னு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அது உங்க பாடு. உங்க வீட்டுல போய் வாயத் திறந்து சொல்லுங்க. சொன்னதா சோனியா எனக்கு போன் பண்ணட்டும். அடுத்த சனிக்கிழமை நானே பூ, பழத்தோட வரேன்."

திரும்பி வரும்போது மணி ஆறரை. அக்காவும் மாமாவும் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோனியா சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் டிவியை அணைத்தேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஐம்பத்து மூன்று வயதில், சொந்த வீட்டு ஹாலில்.

"அக்கா, நான் குடிக்கிறேன். இருபத்தாறு வருஷமா தினமும் குடிக்கிறேன். அந்தப் பையன் தினமும் அரை கிளாஸ் ருசி பாக்குறான், அதுவும் வேலைக்காக. நான் நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அக்காவின் முகம் வெளிறியது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, மெதுவாடா! பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது!"

எழுந்து ஓடிப்போய், தெருப்பக்க ஜன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மாமா அவசர அவசரமாக டிவியை மறுபடி போட்டு, சத்தத்தைக் கூட்டினார்.

சோனியா ஹாலுக்குள் வந்தாள். அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தாள். ஜன்னலுக்குப் போய்த் தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ருக்கு அம்மா வாசலில் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க மாமா," என்றாள் சோனியா.

மூச்சை நன்றாக இழுத்து, தெருவைப் பார்த்து நின்று, சொன்னேன்.